நடு அண்டா

அவளுக்கு நானூறு பேருக்கு உப்புப் போடத் தெரியும். இரண்டு பேருக்குப் போடத் தெரியாது. வீட்டில் அவள் வைக்கும் குழம்பு ஒருநாள் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும், மறுநாள் ஆஸ்பத்திரிச் சாப்பாடு போலச் சப்பென்றிருக்கும். “ஊருக்கெல்லாம் ருசியா ஆக்கிப் போடறா, கட்டிக்கிட்டவனுக்கு மட்டும் தண்டனை” என்று புருஷன் சலித்துக்கொள்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பதினெட்டு வருஷமாகப் பெட்டிக் கம்பெனி கேன்டீனில் உப்பைக் கை நிறைய வாரிப் போட்டுப் பழகியவளைக் கூப்பிட்டு, ஒரு சிட்டிகை போடு என்றால் அந்தக் கைக்குக் கோபம் வராதா?

பெட்டிக் கம்பெனி என்றால், பயணம் போகிறவர்கள் இழுத்துக்கொண்டு போகிற சக்கரம் வைத்த பெட்டிகளைச் செய்கிற இடம். மொத்தம் நானூற்றுப் பத்துப் பேர். கேன்டீனின் தலைமைச் சமையல்காரியான அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் எங்கேயோ இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் அண்டா அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த காவல்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு, போகட்டும், வேறு எதையாவது வைத்துத் தொலைக்காமல் விட்டார்களே என்று சமாதானமாகிவிட்டாள்.

அண்டாக்கள் மூன்று. பெரியது நானூறு பேருக்கு. நடு அண்டா இருநூற்று எழுபது, எண்பது பேருக்கு. சின்னது நூற்றிருபது பேருக்கு. தினமும் நாலு மணிக்கு ஸ்டோர்காரர் ஒரு துண்டுச் சீட்டுக் கொண்டுவருவார். நாளை மத்தியானம் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று அதில் ஒரே ஓர் எண் இருக்கும். அதற்குத் தகுந்த அரிசி பருப்பை அவர் அளந்து கொடுக்க, அதற்குத் தகுந்த அண்டாவை அவளும் காய் நறுக்கும் பெண்ணும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி அடுப்பில் ஏற்றித் தண்ணீரும் நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். காலை ஆறு மணிக்கு அவள் தனியாக வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த நேரத்தில் துணைக்குத் தூக்க ஆள் கிடையாது. சின்ன அண்டா ஒன்றைத்தான் ஒற்றை ஆளாகத் தூக்க முடியும், அதுவும் இடுப்பு ஒத்துழைத்தால்.

அடுப்பு ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வாசலுக்குப் போகிற நடைபாதை. ஐந்தரை மணிக்கு வேலை முடிந்து போகிற அத்தனை பேரும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். பதினேழு வருஷம் அந்த ஜன்னலை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

பிறகு காலம் கெட்டது. எங்கே ஆரம்பித்தது, யார் ஆரம்பித்தது என்று டிவியில் கோட்டுப் போட்டவர்கள் தினமும் விளக்கினார்கள்; அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்குப் புரிந்ததெல்லாம் கேன்டீனில் புரிந்ததுதான். முன்பெல்லாம் சோற்றை மிச்சம் வைத்துக் கை கழுவப் போனவர்கள், இப்போது இரண்டாம் தடவை தட்டோடு வந்து நின்றார்கள். தட்டுகள் கழுவியதுபோலவே திரும்பி வந்தன. வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிட்ட ஆபீஸ்காரர்கள், ஏதோ அவளுடைய சமையலைத் திடீரென்று கண்டுபிடித்தவர்கள்போல வரிசையில் வந்து நின்றார்கள். “உங்க கை ருசிக்காகத்தான்க்கா” என்றார்கள். அதை நம்ப அவள் நேற்றுப் பிறந்தவளா?

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் சீட்டில் இருநூற்று எழுபது என்று இருந்தது. எண்ணைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து ஸ்டோர்காரரைக் கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எனக்கு வந்தத உங்ககிட்ட குடுத்தேன்” என்றார். சரி, யாரோ கூட்டமாக லீவு போட்டிருக்கிறார்கள் என்று நடு அண்டாவை ஏற்றினாள். மறுநாள் பத்து மணிக்கு நூற்று நாற்பது பேரை வரிசையாக ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, பதினொரு மணிக்குள் வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பியாயிற்று. அதனால்தான் அவர்கள் சீட்டில் இல்லை. அவர்களுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்னால் அரிசிக்குத் தெரிந்திருக்கிறது.

இதை முதலில் கண்டுபிடித்தது பேக்கிங் பகுதியில் இருந்த ஒரு நெட்டைப் பெண். “நேத்து சாயங்காலம் போகும்போது பாத்தேன், பெரிய அண்டா இல்ல. நடு அண்டா இருந்துச்சு” என்று யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் இருநூற்று எழுபது பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனார்கள். நடு அண்டா இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. ஒருவர் விடாமல் பார்த்தார்கள். சிலர் நின்று பார்த்தார்கள். சூப்பர்வைசர் ஒருவர் போனில் பேசுகிற சாக்கில் பார்த்தார். ஓர் ஆள் தினமும் அண்டாவுக்குச் சலாம் வைத்துவிட்டுப் போவான். “அண்டா இருக்கு, தூக்கம் வரும்” என்பான். சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பில் பயம்தான் அதிகம்.

அவளுக்கு இது பிடிக்கவில்லை. சோறாக்க வந்த இடத்தில் அவளை ஜோசியக்காரி ஆக்கிவிட்டார்கள். அந்த நெட்டைப் பெண் சாப்பாடு வாங்கும்போது அவள் முகத்தையே பார்ப்பதில்லை. அண்டாவைக் குறைத்ததே இவள்தான் என்பதுபோலத் தட்டை நீட்டுவாள். சொல்லி என்ன பயன்? பதில் பேசாமல் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுவிடுவாள்.

அவளுடைய தம்பியும் அந்த இருநூற்று எழுபதில் ஒருவன். பெட்டிக்குச் சக்கரம் மாட்டுகிற வேலை. வீட்டிலும் கம்பெனியிலும் அவனுக்குச் சக்கரம் என்றே பெயர். அக்கா கீழ்வீட்டில், தம்பி மேல்வீட்டில். அவனுக்கு மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். காலம் கெட்டால் யாரும் சுவரைப் பற்றி யோசிப்பதில்லை. ஏழு மாதமாக அவருக்கு ஒரு வேலை வரவில்லை. மிச்சம் மீதி பெயின்டை வைத்துச் சமையலறைச் சுவரை மூன்று தடவை அடித்துவிட்டார். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம். “கண்ணு கூசுதுங்க” என்றால், “சும்மா உக்காந்தா கை கூசுது” என்பார். அதற்குமேல் அவரை என்ன சொல்வது? ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அன்றைக்கு அது நின்றதுதான்.

தெருவே அப்படித்தான் இருந்தது. டீக்கடைக்காரர் விலையை ஏற்றாமல் கிளாஸை மாற்றிவிட்டார். இரண்டு மடக்கில் தீர்ந்துபோகும். எதிர்வீட்டில் ஃபிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அதற்குள் பிள்ளைகளின் புத்தகத்தையும் துவைத்த துணியையும் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரே செய்தித்தாளை மூன்று வீடு படித்தது. மேல்வீட்டில் தம்பி மனைவி புருஷனுக்குத் தானே முடி வெட்டிவிட ஆரம்பித்தாள். முதல் தடவை வெட்டியபோது அவன் ஒரு வாரம் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தான்.

தம்பி மனைவிதான் அந்த யோசனையைச் சொன்னாள். “எதுக்குக்கா ரெண்டு அடுப்பு எரியணும்? ஒண்ணாவே ஆக்கிக்கலாம்.” அன்றே தன் குக்கரைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டாள். ஆறு பேரும் கீழ்வீட்டில், மஞ்சள் சுவருக்கும் நீலச் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பைத் தம்பி மனைவி போட்டாள். அந்தக் கெட்ட காலத்தில் அக்காவுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்தால், சின்னப் பெண் மடியில் தலை வைத்துக்கொண்டு கதையளப்பாள். பாதி கேட்டும் கேட்காமலும் இவள் கண் சொக்கிவிடும்.

ஐந்து மாதம் நடு அண்டா அசையவில்லை. ஆறாம் மாதம் ஸ்டோர்காரர் வந்து, “மேனேஜர் உங்களப் பாக்கணுங்கறாரு” என்றார். பதினெட்டு வருஷத்தில் மேனேஜர் அறைக்குள் அவள் போனது இரண்டே முறை. இரண்டும் யாரோ விருந்தாளிக்குக் காபி கொண்டுபோனது.

மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். “உக்காருங்கம்மா. நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல. ஆனா பாருங்க, நாலு மணி ஆனா ஆளுங்களுக்கு வேலையில கவனமே இல்ல. எந்த அண்டா, எந்த அண்டான்னு அதே பேச்சா இருக்கு. ஒரு பெரிய ஆர்டர் முடிச்சு அனுப்பணும்.”

“நான் என்னங்க பண்றது? சீட்டுல வர்றதுக்குத்தான வைக்கிறேன்.”

“இனிமே சீட்டுல என்ன வந்தாலும் சாயங்காலம் ஜன்னல்கிட்ட அந்த நடு அண்டாதான் இருக்கணும். காலையில நீங்க எதுல வேணும்னாலும் ஆக்கிக்குங்க.” கொஞ்சம் நிறுத்தி, “வெளியில ஒரு வார்த்தை போகக் கூடாது. போனா எனக்கு வேற வழியில்ல” என்றார்.

இவளுக்கும்தான் வேறு வழியில்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நிச்சயமாக வருகிற சம்பளம் அவளுடையது ஒன்றுதான். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தாள். பாத்திரம்தானே, எங்கே இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டாள். அது பொய் என்று அப்போதே உள்ளே ஒன்று உறுத்தியது. உறுத்தினால் உறுத்தட்டும் என்று வெங்காயத்தை உரிக்கப் போய்விட்டாள்.

அதே வாரம் தம்பிக்கு ஒரு வேலை தட்டுப்பட்டது. ஊரின் மறுகோடியில் காய், பழங்களைக் குளிரில் வைத்துக் காக்கிற கிடங்கு. மூட்டை ஏற்றி இறக்கிக் கணக்குப் பார்க்கிற வேலை. சம்பளம் இங்கே வாங்குவதில் முக்கால்வாசிகூட வராது. ஆனால், ஜனங்கள் பயணம் போகாமல் இருப்பார்கள், சாப்பிடாமல் இருப்பார்களா? அந்தக் கிடங்குக்காரர் புதன்கிழமை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் தயார் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது தம்பி இதையே திருப்பித் திருப்பிப் பேசினான். மனைவி, “போயிடுங்க” என்றாள். “பதினோரு வருஷம்டீ. இங்க இருந்தா முழுச் சம்பளம். நானாப் போனா கையில ஒண்ணும் தரமாட்டாங்க” என்றான் அவன். பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தான். “எதுக்கு மண்டையப் போட்டு உடைச்சுக்கணும்? நாளைக்கு அண்டாவப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கறேன். நம்ம வீட்டு அண்டாதான, நம்மகிட்ட பொய் சொல்லுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால், நாளைக்குச் சீட்டில் எண் குறையும் என்று யார் கண்டது? குறையாவிட்டால், சும்மா இருந்த வாயைத் திறந்து வேலைக்கு உலை வைத்துக்கொண்டதாகத்தான் ஆகும். குறைந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று சோற்றைப் பிசைந்தாள்.

புதன்கிழமை நாலு மணிக்குச் சீட்டு வந்தது. நூற்றிருபது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஸ்டோர்காரர் அரிசியை அளந்து போட்டுவிட்டு, அன்றைக்கென்று போகாமல், எண்ணெய் டின்களை எண்ணுகிறேன் என்று சமையலறையிலேயே நின்றார். அவளும் காய் நறுக்கும் பெண்ணும் நடு அண்டாவைத் தூக்கி அடுப்பில் ஏற்றினார்கள். அந்தப் பெண் குழாயை எடுத்தாள்.

“தண்ணி வேணாம்” என்றாள் இவள். வெறும் அண்டாவைக் காலையில் எப்படியாவது சரித்து இறக்கிவிடலாம், தண்ணீரோடு ஒற்றை ஆளால் முடியாது.

“ஏன்க்கா?”

“காலையில புடிச்சுக்கலாம். நீ கெளம்பு.”

அந்தப் பெண் ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஐந்தரைக்கு மணி அடித்தது. கூட்டம் வந்தது. சலாம் வைக்கிறவன் சலாம் வைத்தான். நெட்டைப் பெண் பார்த்தாள். அவள் தோள்கள் தளர்ந்து கீழே இறங்கியதை ஜன்னல் வழியாகவே இவளால் பார்க்க முடிந்தது. கூட்டத்தின் கடைசியில் தம்பி வந்தான். அண்டாவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

ஒரு தலையசைப்புப் போதும். கண்ணைக் காட்டினால்கூடப் போதும். கூடப் பிறந்தவன், புரிந்துகொள்வான். ஆனால் பக்கத்தில் ஸ்டோர்காரர் டின் எண்ணிக்கொண்டிருந்தார். வீடு பதினைந்து நிமிஷ நடைதான், தம்பியின் போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது, எப்படியும் வீட்டுக்குப் போய்த்தான் பேசுவான், ஆறு மணிக்கு இன்னும் அரைமணி இருக்கிறது. இதையெல்லாம் ஒரே மூச்சில் கணக்குப் போட்டுவிட்டு அவள் குனிந்து மேடையைத் துடைத்தாள். நிமிர்ந்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

ஸ்டோர்காரர் கிளம்பியதும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். கால் வீக்கத்தோடு அந்தத் தெருவில் அவள் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள். வீட்டில் தம்பி ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். பல நாளைக்குப் பிறகு வாங்கிய பிஸ்கட்.

“சொல்லிட்டேன்க்கா. வரலன்னு சொல்லிட்டேன்.”

“எப்ப சொன்ன?”

“கேட்லயே. காவல்காரர் போன வாங்கிப் பேசிட்டேன். ஆறு மணி வரைக்கும் எதுக்கு இழுக்கணும்னுதான்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. பிறகு மேனேஜர் சொன்னது, சீட்டு, நூற்றிருபது, எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி, அவள் புருஷனுடைய போனை வாங்கிக்கொண்டு வெளியே போனான். இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தான். கிடங்குக்காரர் அப்போதே அடுத்த ஆளுக்குச் சொல்லிவிட்டாராம்.

“அண்டாவுல தண்ணி இருந்துச்சாக்கா?” என்று கேட்டான்.

“இல்லடா. வெறும் அண்டா.”

அவன் தலையை மட்டும் ஆட்டினான். கத்தியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் அழுது தீர்த்திருப்பாள். அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். யாருக்குத் தெரியும், நூற்றிருபதில் அவனும் இருப்பானோ என்னவோ என்று புருஷன் சொல்லிப் பார்த்தார். சொன்ன அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

மறுநாள் பத்து மணிக்கு வெளியே அனுப்பப்போகிறவர்களின் பெயர்களை வாசித்தார்கள். தம்பியின் பெயர் முதல் பத்துக்குள் வந்தது. சலாம்காரனுடையதும் வந்தது. நெட்டைப் பெண் மிஞ்சினாள். நேற்று அண்டாவைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் ஒருவர் மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடப் பை வாங்கினாராம். அதை வாசலில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் புலம்பினார். பை ஒன்றும் பெரிய விலை இல்லை. அது அவருக்கும் தெரியும். அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சின்ன அண்டாவில் சோற்றை வடித்தாள். உப்பு எவ்வளவு போட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அன்று இரவுச் சமையலுக்கு முன்னால் தம்பி மனைவி கீழே வந்தாள். “அக்கா, அவருக்கு மேலேயே சாப்பிடணும்னு இருக்காம்” என்று சொல்லி, தலை குனிந்தபடி குக்கரைத் தூக்கிக்கொண்டு போனாள். குக்கரின் மூடி படிக்கட்டில் ஒரு தடவை உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் தனித்தனி அடுப்புத்தான். சின்னப் பெண் மட்டும் யாருக்கும் தெரியாமல் படியில் பாதிதூரம் இறங்கி வந்து உட்கார்ந்திருப்பாள். மேலிருந்து குரல் வந்ததும் எழுந்து போய்விடுவாள். கீழ்வீட்டில் குழம்பு மறுபடி ஒருநாள் கரித்தது, ஒருநாள் சப்பென்றிருந்தது. புருஷன் இப்போதெல்லாம் கேலி செய்யவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கேன்டீனில் அவள் சாயங்காலம் சின்ன அண்டாவை எடுத்து அடுப்பில் வைத்தாள். மேனேஜர் சொன்னதாவது மண்ணாவது. நூற்றிருபதுக்குச் சின்ன அண்டாதான். உள்ளதைத்தான் வைத்திருந்தாள், தண்ணீரும் நிரப்பியிருந்தாள். யாராவது கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. நூற்றிருபது பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். ஒரு தடவை பொய் சொன்ன ஜன்னல் அது. அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? நடு அண்டாவை வைக்கச் சொன்ன மேனேஜருக்கும் இனி அதைப் பற்றிக் கவலை இல்லை.

ஆறு வாரம் இப்படிப் போனது. காலையில் எழுந்திருக்கும்போதே அலுப்பாக இருந்தது. தம்பி தினமும் எங்கேயோ வேலை தேடிப் போனான், வந்தான். படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவான், வேற்று மனுஷிக்கு விடுவதுபோல. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சீட்டு வந்தது. நாற்பது.

ஸ்டோர்காரர் அளக்கிற படியைக் கையில் வைத்துக்கொண்டு அளக்காமல் நின்றார். நாற்பது பேருக்கு எந்த அண்டாவும் வேண்டாம். விருந்தாளிகளுக்குச் சமைக்கிற குண்டான் போதும். அவள் அதைத் தேடி எடுத்துக் கழுவி, அவ்வளவு பெரிய அடுப்பின் நடுவில் வைத்தாள். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. காய் நறுக்கும் பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. ஆட்கள் வந்தார்கள். குண்டானை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டினாள். யாரோ ஒருவர் திரும்பி, ஏதோ பாத்திரம் உருட்டுகிறாள் என்று நினைத்து நடந்தார். நெட்டைப் பெண் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

அவள் கரண்டியைக் கீழே போட்டாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பின்கதவு வழியாக வாசலுக்கு நடந்தாள். பதினெட்டு வருஷத்தில் வேலை முடிகிற நேரத்தில் அவள் வாசலுக்கு வந்ததில்லை. கூட்டம் அவளைப் பார்த்து ஒதுங்கியது. வாசலுக்கு வெளியே இன்னொரு கூட்டம் இருந்தது. வேலை போனவர்களுக்கு அன்றைக்குத்தான் கடைசிக் கையெழுத்து. வரச்சொல்லி நாள் முழுக்கக் காக்க வைத்திருந்தார்கள். அதில் தம்பியும் இருந்தான். அவளே அவனை அப்போதுதான் பார்த்தாள்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் நில்லுங்க” என்றாள். கேன்டீனில் கூட்டத்தை அதட்டிப் பழகிய குரல். தெரு முனைவரைக்கும் கேட்டிருக்கும். “நாளைக்கு நாப்பது பேருக்குத்தான் சாப்பாடு. சீட்டு வந்துருச்சு. மத்தவங்களுக்கு இல்ல. வேற எங்கயாவது வேலைக்குச் சொல்லி வச்சிருந்தா, இப்பவே போன் பண்ணி வரேன்னு சொல்லிடுங்க. காலையில வரைக்கும் இருக்காதீங்க.”

 இரண்டு மூன்று பேர் போனை எடுத்தார்கள். நெட்டைப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் எதிரே வந்து நின்றாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“உங்களயும் சேத்தாக்கா நாப்பது?”

 சமையல்காரர்கள் எந்தக் காலத்திலும் அந்தச் சீட்டில் வந்ததில்லை. மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர்களை யார் எண்ணுவார்கள்? பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் தன்னை அந்த எண்ணில் சேர்த்துப் பார்த்ததில்லை. “தெரியலம்மா” என்றாள். அந்தப் பெண் அவள் கையை ஒரு முறை பிடித்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள்.

ஸ்டோர்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? மேலேருந்து பாத்துட்டாங்க. நாளைக்கு நீங்க வர வேணாமாம்.”

“சரிங்க.”

“என்ன சரிங்க? அந்த நாப்பதுல நான் இருக்கேனான்னு எனக்கே தெரியாது” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே போய் அவளுடைய செருப்பையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்து வந்து கொடுத்தார்.

அவள் பையை வாங்குவதற்குள் இன்னொரு கை அதை வாங்கியது. தம்பி. பையோடு முன்னால் நடந்தான். அவள் பின்னால் நடந்தாள். டீக்கடை தாண்டி, கதவில் வாடகைக்கு என்று எழுதித் தொங்கவிட்ட மூன்று கடைகள் தாண்டி, தெரு முனைக்கு வந்தார்கள். அவளுடைய நடைக்காக அவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.

“அன்னிக்கு இப்படிச் சொல்லியிருக்கலாமேக்கா” என்றான்.

“சொல்லியிருக்கலாம்டா.”

வேறு சமாதானம் எதையும் அவள் சொல்லவில்லை. ஸ்டோர்காரர் பக்கத்தில் நின்றதையோ, அவனுடைய போனில் சார்ஜ் இருக்காது என்று நினைத்ததையோ சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, மாடிப்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான்.

“எத்தன பேருக்கு ஒலை வைக்கப் போற?”

“ரெண்டு பேருக்குத்தான். வேற யாரு இருக்கா?”

அவன் இரண்டு படி ஏறித் திரும்பினான். பிறகு, “ஆறு பேருக்கு வை. குக்கரக் குடுத்தனுப்பறேன்” என்று சொல்லிவிட்டு மேலே ஏறினான்.